மரப்பெட்டி எஃப்.சி. 150: பிரித்ததும் கட்டியதும்

மரப்பெட்டி வைத்த பழைய பிக்கப் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன். பெட்டியின் முன்மூலையில், கேபினை ஒட்டி ஓடும் முதல் குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் ஓர் உளியை வைத்து அழுத்திப் பார்த்தீர்களா? மேலிருந்து பார்த்தால் பளபளப்பாகத் தெரிகிற பெட்டி அந்த இடத்தில் கையோடு பொடியாக உதிரும். எஞ்சின் பழுதென்றால் கோயம்புத்தூரிலேயே லேத் பட்டறைகள் இருக்கின்றன, தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். லாரிக்கு மரத்தில் பெட்டி கட்டத் தெரிந்த கைகள் வேகமாகக் குறைந்துவருகின்றன. அதனால்தான் இந்த வேலையைப் பற்றி விரிவாக எழுதி வைக்க விரும்பினேன்.

என்னுடையது மகிந்திரா எஃப்.சி. 150 என்ற பிக்கப். எஃப்.சி. என்றால் ‘ஃபார்வர்ட் கன்ட்ரோல்’, ஓட்டுநர் வண்டியின் முன்நுனியிலேயே உட்காரும் அமைப்பு. 1967இல் பதிவானது. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உரமூட்டையும் இலைமூட்டையும் சுமந்து, பிறகு பல ஆண்டுகள் ஒரு கொட்டகைக்குள் நின்ற வண்டி. இந்த வடிவம் அமெரிக்காவில் வில்லீஸ் நிறுவனம் 1956 இறுதியில் கொண்டுவந்தது. வரைந்தவர் மில்வாக்கியைச் சேர்ந்த வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். சாதாரண ஜீப்பின் 81 அங்குலச் சக்கர இடைவெளியையே வைத்துக்கொண்டு, ஓட்டுநரை எஞ்சினுக்குப் பக்கத்தில், முன் அச்சுக்கு நேராக உட்கார வைத்துவிட்டார். அதனால் குட்டையான வண்டியிலேயே ஆறடிக்கும் மேல் நீளமான சரக்குப் பெட்டி கிடைத்தது. மகிந்திரா அதை உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்தது. காவல் துறை வேனாகவும் மினி பஸ்ஸாகவும் இந்த முகத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. என் வண்டியை முதலில் வாங்கிய தோட்டத்தார் கேபினோடு சேஸியை (வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தை) எடுத்துவந்து, பின்பெட்டியை மட்டும் தச்சரிடம் கொடுத்து மரத்தில் கட்டிக்கொண்டார்கள். லாரிக்கு அன்று இருந்த வழக்கத்தைச் சிறிய வண்டிக்கும் பின்பற்றியிருக்கிறார்கள்.

வண்டி கைக்கு வந்ததும் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புத் தகட்டில் பெட்டி செய்துவிடு, மலிவு, சீக்கிரம் முடியும். நான் சம்மதிக்கவில்லை. அழகு அதற்குப் பாதிக் காரணம்தான். நான்கு சக்கரமும் இழுக்கிற இந்த வண்டி மேடு பள்ளத்தில் ஏறும்போது சேஸி முறுக்கிக்கொள்ளும். போல்ட் போட்டுப் பூட்டிய மரப்பெட்டி அந்த முறுக்கலோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்து கொடுக்கும். முழுக்க வெல்டிங் செய்த தகட்டுப்பெட்டி அசையாது. மூலையில் விரிசல் விடும், இல்லையென்றால் தன் பிடிவாதத்தைச் சேஸிக்குத் தள்ளிவிடும். இன்னொன்றும் உண்டு. மரத்தில் ஒரு பலகை கெட்டால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம்.

பிரிப்பதற்கு முன்பு செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதற்கு முன் பெட்டியின் மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் எடுத்து எழுதிவையுங்கள். இரண்டும் சமமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பெட்டி ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது. சாய்ந்த பெட்டியை அளவெடுத்துப் புதிய சட்டம் அறுத்தால் அந்தச் சாய்வு புதிய பெட்டியிலும் குடியேறிவிடும். நிற்கும் சட்டங்கள் நான்கையும் குறுக்கே ரீப்பர் எனப்படும் மெல்லிய மரச்சட்டம் அடித்து இறுக்கிய பிறகுதான் தரைப்பலகையைக் கழற்றவேண்டும். பலகை போனதும் பெட்டி தளர்ந்து தன் வடிவத்தை மறந்துவிடும். கழற்றிய ஒவ்வொரு துண்டுக்கும் இடம், வலம், முன், பின் என்று ஈயத்தகட்டில் எண் பொறித்து ஆணியடித்தேன். சாக்பீஸ் எழுத்து கழுவும்போது போய்விடும், காகித அட்டை பட்டறையில் ஒரு வாரம் தாங்காது. உளுத்துப்போன துண்டையும் எறியாதீர்கள். அதுதான் புதிய துண்டுக்கு அச்சு. முற்றிலும் பொடியானவற்றுக்கு, எதிர்ப்பக்கத்துத் துண்டைத் திருப்பிவைத்து ப்ளைவுட்டில் வெட்டி எடுத்த அச்சே கைகொடுத்தது.

பிரித்துப் பார்த்தபோது கெட்டிருந்த இடங்கள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லின. மழை நேராக விழும் பக்கப்பலகைகள் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் திடமாக இருந்தன. வெயிலும் காற்றும் பட்டதால் நனைந்த அன்றே காய்ந்துவிட்டன. கெட்டவை வேறு: நிற்கும் சட்டம் இரும்புக் கூட்டுக்குள் இறங்கும் அடிநுனி, தரைப்பலகை மீது இரும்புப் பட்டை ஒட்டிக் கிடந்த இடம், குறுக்குச் சட்டம் சேஸியின் மேல் உட்காரும் இடம். மூன்றிலும் தண்ணீர் உள்ளே போக வழி இருந்தது, வெளியே வர வழி இல்லை. மரத்தின் பக்கவாட்டை விட அறுத்த நுனி பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்த நுனியைக் கொண்டுபோய் அடி மூடிய இரும்புக் கூட்டில் செருகினால் அது உளுக்காமல் என்ன செய்யும்? புதிய கூடுகள் அனைத்துக்கும் அடியில் விரல் நுழையும் அளவு வடிகால் துளை போடச் சொன்னேன். நுனிகளை எண்ணெயில் ஊறவைத்த பிறகே செருகினோம். இந்த வேலை முழுவதிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது மரம் வாங்குவது. இதில் அவசரம் கூடாது. சேஸியின் மேல் நீளவாக்கில் கிடக்கும் இரண்டு நெடுஞ்சட்டங்களுக்குக் கோங்கு. கனமானது, உளியை மழுங்கடிக்கும், ஆனால் நெரிவைத் தாங்கும். குறுக்குச் சட்டங்களுக்கும் நிற்கும் சட்டங்களுக்கும் வேங்கை. தரைக்கும் பக்கத்துக்கும் பழைய வீடு இடித்த இடத்தில் கிடைத்த தேக்கு உத்திரங்களை அறுத்துப் பலகையாக்கினோம். பழைய தேக்கின் நன்மை, அது எப்போதோ காய்ந்து முடிந்துவிட்டது. தொல்லை, உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிகள். வலுவான காந்தத்தை உத்திரம் முழுக்க நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் அறுவை மில்லுக்கு அனுப்பவேண்டும், இல்லையென்றால் ரம்பத்தின் பற்கள் போய்விடும். மில்காரர் அடுத்த முறை உங்கள் மரத்தைத் தொடமாட்டார்.

புதிதாக வாங்கும் மரத்தில் இரண்டு பார்க்கவேண்டும். ஒன்று, வைரம், அதாவது மரத்தின் நடுவே முற்றிய கெட்டியான பகுதி. வெட்டிய முகத்தில் வெளுப்பாகத் தெரியும் ஓரம் முழுவதும் கழிவுதான், பூச்சி முதலில் பிடிப்பது அதைத்தான். அந்த ஓரத்தோடு சேர்த்துக் கன அடிக் கணக்கில் விற்பார்கள், விலையில் மலிவு காட்டுவார்கள். வேண்டாம். இரண்டு, ஈரம். மேட்டுப்பாளையம் மரக்கடையில் ‘காய்ந்த மரம்’ என்று சொன்னதை ஈரப்பதமானி வைத்துப் பார்த்தபோது காயவே இல்லை என்று தெரிந்தது. கொங்குப் பகுதியின் வறண்ட காற்றுக்கு 12 சதவீதத்தை ஒட்டி இறங்கிய மரமே பெட்டிக்கு ஆகும். காற்றில் உலர்த்த, ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு. நிழலில், இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்கி, நுனிகளுக்குப் பெயின்ட் பூசிவைத்தால் வெடிப்பு குறையும். வேங்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: நனைந்தால் மஞ்சளாகச் சாயம் விடும். வெள்ளைத் தார்ப்பாயும் வெள்ளைப் பெயின்ட்டும் அதன் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டியவர் சங்ககிரிப் பக்கம் லாரிகளுக்கு மரத்தில் பாடி கட்டிய ஒரு மேஸ்திரி. இப்போது அந்தப் பட்டறைகளில் பெரும்பாலும் இரும்பு வேலைதான், மரத்தைத் தரைக்கு மட்டும் போடுகிறார்கள். அவர் வண்டியைச் சுற்றி வந்து, சேஸியில் முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ போட்டிருந்த துளைகளைக் காட்டி, “இந்த உதட்டில் துளை போடவே கூடாது தம்பி, இங்கிருந்துதான் கீறல் ஓடும்” என்றார். உதடு என்பது சேஸி நெடுஞ்சட்டத்தின் மேலும் கீழும் மடிந்து நிற்கும் விளிம்பு, வளைவைத் தாங்குபவை இந்த இரண்டு உதடுகள்தான். அங்கே துளையிட்டால் வலுவை நாமே குறைக்கிறோம். எனவே பெட்டி முழுவதையும், துளை போடாமல் சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் யூ போல்ட் கொண்டு கட்டினோம். கோங்குச் சட்டத்தின் முன்நுனியைச் சதுரமாக விடாமல் கீழ்ப்பக்கம் சரிவாகச் சீவினார். சதுரமாக விட்டால் சுமை முழுவதும் அந்த ஒரு விளிம்பில் சேஸியை அழுத்தும். கேபினுக்குப் பக்கத்தில் வரும் முதல் ஜோடிப் போல்ட்டுகளுக்கு ரப்பர் கட்டையும் ஸ்பிரிங்கும் கொடுத்தார். முறுக்கல் அதிகம் வெளிப்படும் இடம் அது. பின்பக்கப் போல்ட்டுகள் மட்டும் இறுக்கம். சேஸிக்கும் மரத்துக்கும் நடுவே நீளமாக ரப்பர் விரிக்கும் பழக்கம் உண்டு. அது தண்ணீரைப் பிடித்துவைத்துச் சேஸியைத் துருப்பிடிக்கச் செய்யும். யூ போல்ட் வரும் இடங்களில் மட்டும் துண்டு துண்டாகக் கன்வேயர் பெல்ட் ரப்பர் வைத்தோம், இடையில் காற்று ஓடுகிறது.

மூட்டுகளில் பசை போடவில்லை. ஒரு சட்டத்தின் நுனியில் செதுக்கிய கழுந்து மறுசட்டத்தின் துளைக்குள் உட்காரும், குறுக்கே போல்ட். பசை போட்ட மூட்டு முதலில் உறுதியாக இருக்கும். முறுக்கலில் ஒருமுறை விட்டுவிட்டால் அதைப் பிரித்துச் சரிசெய்யச் சட்டத்தையே அறுக்கவேண்டும். போல்ட் என்றால் ஸ்பேனர் போதும். அவை உருண்டைத் தலையும் சதுரக் கழுத்தும் உள்ளவை. கழுத்து மரத்தில் பதிந்துகொள்வதால் அடியிலிருந்து ஒருவரே இறுக்கலாம். சாதாரண இரும்புப் போல்ட்டை மரத்தின் புளிப்பு மெல்ல அரிக்கும், வேங்கையில் சுற்றிலும் கறுப்புக் கறை படரும். நான் துத்தநாகம் பூசி கால்வனைஸ் செய்தவற்றை வாங்கினேன். வெளியே தெரியும் இடங்களுக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வாஷர் பெரிதாக இருக்கட்டும். சின்ன வாஷர் மரத்துக்குள் அமிழ்ந்து, அதைச் சுற்றியே நீர் தேங்கும்.

தரைப்பலகைகளுக்கு இடையே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். பார்ப்பவர்கள் தச்சர் சரியாக இழைக்கவில்லை என்று நினைக்கிறார்கள். பங்குனி வெயிலில் நெருக்கி அடித்த பலகை ஐப்பசி மழையில் உப்பி, ஒன்றையொன்று தள்ளி, நடுவில் கூடாரம்போல் எழும்பும். இடைவெளி இருந்தால் உப்புவதற்கும் இடம் கிடைக்கும், தண்ணீரும் கீழே வடிந்துவிடும். நெல், சிமென்ட் ஏற்ற நினைப்பவர்கள் மேலே ஒரு தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம். ஓட்டையை அடைக்க நினைக்கவேண்டாம்.

மரத்துக்கு மேல் பூச்சு. இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: வெயிலில் நிற்கும் வண்டிக்கு வார்னிஷ் வேண்டாம். முதல் ஆண்டு கண்ணாடிபோல் மின்னும். பிறகு வெயிலில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியே நீர் இறங்கும், மேலே உள்ள படலம் அதை வெளியே விடாது. அதை மறுபடி பூசவேண்டுமென்றால் முழுவதும் சுரண்டி எடுக்கவேண்டும். உள்ளே ஊறும் எண்ணெய் அப்படியில்லை, மங்கியதும் துடைத்துவிட்டு மேலேயே பூசலாம். முதலில் கரையானுக்கும் உளுவண்டுக்கும் எதிராகப் போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலைத் துண்டுகள் எல்லாவற்றுக்கும் கொடுத்து நன்றாகக் காயவிட்டோம். அது மழையில் கரைந்து போகக்கூடியது, மேலே எண்ணெய் கட்டாயம். பெட்டியின் அடிப்பக்கம் முழுவதற்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய். நம் கடற்கரையில் வள்ளங்களுக்கும், பழைய வீடுகளில் கைமரங்களுக்கும் பூசிவந்தது இதுதான். மரத்தைக் கறுப்பாக்கும், தோலில் பட்டால் புண்ணாக்கும், அதனால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஆனால் பூச்சியும் நீரும் அண்டாது. மேற்பக்கத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் கலந்து மெல்லிய பூச்சுகளாக. கனமாகப் பூசினால் பிசுபிசுத்துத் தூசியும் பூஞ்சையும் ஒட்டும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது காயும்போது சூடு உண்டாகி, நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். மரத்தூள் நிறைந்த பட்டறையில் அந்த ஒரு துணி போதும். விரித்துத் தனியாகக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஜீப் மெக்கானிக்குகளுக்கு இது பழகிய பொருள். 2,199 சி.சி., நான்கு சிலிண்டர் ஹரிக்கேன். காற்று உள்ளே வரும் வால்வு எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில், புகை வெளியேறும் வால்வு சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கில். ஹெட்டைக் கழற்றும்போது ஒரு போல்ட் கார்புரேட்டருக்கு அடியில் மறைந்திருக்கிறது. கார்புரேட்டரை எடுத்தால்தான் தெரியும். அது தெரியாமல் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஹெட் ஒட்டிக்கொண்டது என்று கடப்பாரை போடுகிறவர்கள் உண்டு, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். மாட்டும்போதும் அதை விட்டுவிடாமல் முறுக்கவேண்டும். எஃப்.சி.யில் எஞ்சின் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே, கேபினுக்குள்ளேயே இருப்பதால் பெட்ரோல் கசிவு என்பது காலடியில் கசிவு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1960களின் ரப்பர் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் அதைத் தாங்கப் பிறந்தவை அல்ல. எத்தனால் தாங்கும் குழாய்களாக முழுவதையும் மாற்றினேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்க் பாதி காலியாக இருக்கக்கூடாது. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஒரு சுவிட்சும், கதவோரம் தீயணைப்பானும் வைத்தேன். இந்த இரண்டும் இல்லாமல் குழந்தைகளை ஏற்றமாட்டேன்.

இனி நம் விருப்பத்துக்குச் செய்யும் மாற்றங்கள். இதில் எனக்கு ஒரே அளவுகோல்: கழற்றினால் வண்டி பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். புதிய துளை கூடாது, வெல்டிங் கூடாது. எஞ்சின் மூடியின் உட்புறம் வெப்பத்தடுப்பு விரிப்பு. தொடையைச் சுடும் கேபின் அதனால் ஓட்டக்கூடியதாகிவிட்டது. முகப்பு விளக்குகளுக்கு ரிலே, அதற்குத் தனி ஒயர். பழைய ஒயர் அப்படியே பக்கத்தில் கிடக்கிறது. பெட்டிக்குள் பக்கத்துக்கு ஒன்றாக மடிக்கும் பெஞ்சு, பின்கதவின் உட்புறம் மடித்தால் மேசையாகும் ஒரு பலகை. இரண்டும் நிற்கும் சட்டங்களில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளையே பயன்படுத்துகின்றன. தார்ப்பாய்க்கான வளையக் கம்பிகளைப் பழைய இரும்புக் கூடுகளில் செருகுகிறோம். பெரிய எஞ்சின், பவர் ஸ்டீயரிங், அகலமான சக்கரம் என்று பலரும் ஆசை காட்டினார்கள். காலி வண்டியில் இதன் எடையில் பெரும்பகுதி முன்னால்தான், பின்பக்கம் இலகுவாகத் துள்ளும். அந்தச் சமநிலையில் வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சட்டமும் இந்த அளவுகோலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்கவேண்டும், தனிப்பயன் வண்டியாக இருக்கவேண்டும், சேஸி, உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் வாழைத்தார் ஏற்றிவர முடியாது. எனக்கு இது ஓடவேண்டிய வண்டி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வழக்கமான புதுப்பித்தலிலேயே வைத்துக்கொண்டேன். நீங்கள் வாங்கும் முன் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பிக்கப்புகள் சில சரக்கு வண்டியாகவும் சில தனியார் ஜீப்பாகவும் பதிவாகியிருக்கும். அதைப் பொறுத்து வரி, தகுதிச் சான்று எல்லாம் மாறும். சந்தேகம் இருந்தால் பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிடுங்கள். எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்பதை நீங்களே தகட்டைத் துடைத்து, படித்துப் பாருங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. கார்த்திகை மழை ஓய்ந்ததும் தரையிலிருந்து இரண்டு பலகையைக் கழற்றி அடியில் காற்று விடுகிறேன். வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்கிறேன். தை வெயிலில் மரம் சுருங்கியதும் போல்ட்டுகளைக் கால் சுற்று இறுக்கி, ஒரு கை எண்ணெய் பூசுகிறேன். நிற்கும் சட்டங்களின் அடிநுனியில் அந்த உளியைக் கொண்டு இன்றும் அழுத்திப் பார்க்கிறேன். வலப்பக்கப் பின்சட்டத்தில் மட்டும் சிறிது மென்மை தெரிகிறது. அடுத்த கோடைக்கு வேங்கையில் ஒரு துண்டு அறுத்து நிழலில் அடுக்கிவைத்திருக்கிறேன்.